சாலை போடுவது நம் கைகள். டெண்டர் எடுப்பது யார்?

சிவில் படித்து முடித்த நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டிஎன்பிஎஸ்சி எழுது, ஏ.இ. ஆகிவிடு." எழுத வேண்டியதுதான். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்பது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அந்த இடஒதுக்கீடு அரசு நாற்காலிக்கு மட்டுமே. சாலையும் பாலமும் கட்டும் வேலை ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது. சுங்கச்சாலைகளில் மேற்பார்வைகூடத் தனியார் ஆலோசனை நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. அங்கே வேலைக்கு எடுக்க இடஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. வேலை வெளியே போகப் போக, நம் உரிமையும் வெளியே போகிறது.

ஜல்லி கொட்டுவதும் கொதிக்கும் தார் ஊற்றுவதும் பெரும்பாலும் நம் மக்கள். அதே சாலையின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர்களில் நம்மவர் எத்தனை பேர்?

டெண்டர் படிவத்தில் சாதி கேட்பதில்லையே என்பார்கள். கேட்கத் தேவையில்லை தோழர்களே. ஈ.எம்.டி. கட்டப் பணம் வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும், முன் அனுபவம் வேண்டும். சால்வென்சி சான்றைத் தாசில்தார் அசையாச் சொத்தைப் பார்த்துத்தான் தருவார். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் நிலத்தைக் காட்டு என்பது சாதியைக் கேட்காமல் வேறென்ன?

பக்கத்திலேயே வழி இருக்கிறது. கர்நாடகம் தன் பொதுக்கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் 24.1 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு ஒதுக்கியது. 2023இல் அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தியது. தமிழ்நாட்டிலோ அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. நல்லது. மானியத்தில் இயந்திரம் வாங்கியவருக்கு வேலை எங்கே?

தரம் கெடும் என்பவர்களுக்கு ஒரு பதில். கான்கிரீட் கட்டியை 28ஆம் நாள் அழுத்திச் சோதிக்கும் இயந்திரத்துக்கு ஒப்பந்ததாரரின் சாதி தெரியாது. எல்லோருக்கும் ஒரே அளவுப் புத்தகம், ஒரே சோதனை. பினாமி பெயரில் பிறர் எடுப்பார்களே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மருந்து கண்காணிப்பும் தண்டனையும். உரிமையையே மறுப்பது மருந்தல்ல.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் இட்டார். அணையும் மின்சாரமும் சமூகநீதிக்கு வெளியே இருப்பதாக அவர் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம்.

எனவே நாம் கேட்போம்: 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பணிகளில் மக்கள்தொகை விகிதத்தில் நமக்குப் பங்கு தர வேண்டும். ஈ.எம்.டி.யிலும் சால்வென்சியிலும் தளர்வு தர வேண்டும். ஆலோசனை நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் நம் பொறியாளர்களுக்கு இடம் உறுதி செய்ய வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊராட்சியில் இந்த ஆண்டு போட்ட சாலைகளின் ஒப்பந்ததாரர் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கோரிக்கைக்கு ஆதாரம் அங்கேதான் கிடைக்கும்.

ஜெய்பீம்!