ஜப்பான் குஸ்திக்கு கட்டியங்காரன் கிடைத்துவிட்டான்... வெள்ளிமலைக்கு எப்போது?

"அதெல்லாம் செட்டப்புதானேப்பா?"

டிவியில் வரும் ரெஸ்லிங் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். ஆமாம், செட்டப்புதான். யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவானது. ஆனால், கள்ளக்குறிச்சி பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லையே? படுகளத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்பது தெரியாமலா ஊரே விடியற்காலையில் திரண்டு நிற்கிறது? மண்ணில் செய்து படுக்கவைத்த அந்தப் பெரிய உருவத்தின் தொடையில் பீமன் அடிக்கும் நொடிக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறார்கள். முடிவு தெரிந்த சண்டையை எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்பதுதான் அங்கே விஷயம்.

அந்தக் கூத்தில் இன்னொரு ஆள் உண்டு. கட்டியங்காரன். ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே "யாருய்யா நீ, எங்கிருந்து வர்றே?" என்று கேட்டு, பதிலை நமக்குப் புரிகிற பேச்சில் எடுத்துச் சொல்லி, நடுநடுவே நக்கலும் அடிப்பவர். அவர் இல்லாவிட்டால் பாதிக் கதை புரியாது. ரெஸ்லிங்கில் இந்த வேலையைச் செய்பவர்தான் வர்ணனையாளர். ஜப்பானின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனம், வெளிநாட்டு ரசிகர்களுக்காக வாராவாரம் நடத்திய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தால் அந்த வேலையின் மதிப்பு புரியும்.

நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங். 1972-ல் அன்டோனியோ இனோகி தொடங்கியது. 1976-ல் டோக்கியோவில் முகமது அலியோடு மோதினாரே, அதே இனோகி. இந்த நிறுவனத்துக்கும் நமக்கும் பழைய தொடர்புகூட உண்டு. பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங், 1973 முதல் இனோகியின் பரம வைரியாக ஜப்பானைக் கலக்கியவர். நாம் 'தி கிரேட் காளி' என்று அறிந்தவர், உலகம் அறியும் முன்பே 2001-ல் 'ஜெயன்ட் சிங்' என்ற பெயரில் அங்கே மேடை ஏறினார். தலைப்பாகையும் கையில் வாளுமாக ஒருவர், ஏழடி உயரமாக இன்னொருவர். ஆக, இந்தியன் என்றால் அவர்களுக்கு அரங்கத்தில் காட்டுவதற்கான ஆள். எதிரே உட்கார்ந்து பார்க்கும் ரசிகனாக நம்மை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டு ரசிகன் என்ற நினைப்பே அவர்களுக்கு மெதுவாகத்தான் வந்தது. 2014 டிசம்பரில் 'நியூ ஜப்பான் வேர்ல்டு' என்ற ஆன்லைன் தளத்தைத் தொடங்கினார்கள். மாதம் 999 யென், அன்றைய மதிப்பில் சுமார் ஐந்நூறு ரூபாய். அடுத்த மாதமே, 2015 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நடந்த அவர்களின் பெரிய நிகழ்ச்சிக்கு, அமெரிக்காவின் பிரபல வர்ணனையாளர் ஜிம் ராஸ் ஆங்கிலத்தில் வர்ணனை செய்தார். 2018-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பயிற்சிக் கூடம். அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் கட்சுயோரி ஷிபாடா. 'செட்டப்பு' என்று சொல்பவர்கள் இவர் கதையைக் கேட்க வேண்டும். 2017 ஏப்ரலில் ஒரு போட்டியில் எதிராளியைத் தலையால் முட்டியதில் மூளையைச் சுற்றி ரத்தம் உறைந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயமானது. முடிவுதான் எழுதி வைத்தது, அடி நிஜம்.

பிறகு கொரோனா வந்தது. எல்லைகள் மூடின. அமெரிக்காவில் இருந்த வீரர்கள் ஜப்பான் போக முடியவில்லை. அப்போது, 2020 ஆகஸ்ட் 7 அன்று பிறந்ததுதான் 'நியூ ஜப்பான் ஸ்ட்ராங்'. கலிஃபோர்னியாவில் போர்ட் வைனீமி என்ற இடத்தில் மொத்தமாகப் படம்பிடித்து, வாரம் ஒரு எபிசோடாக வெளியிட்டார்கள். சும்மா ஒரு மணி நேரம், சில போட்டிகள், அவ்வளவுதான். ரிங்கைச் சுற்றி ஓர் ஆள் கிடையாது. விசில் இல்லை, கைத்தட்டல் இல்லை. உடம்பு தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெறுமையை முழுசாகத் தாங்கியது கெவின் கெல்லி, அலெக்ஸ் கோஸ்லோவ் என்ற இரண்டு பேரின் குரல்தான். யார் யாருக்குப் பகை, அந்தக் கறுப்பு டிரவுசர் பையன் ஏன் இத்தனை அடி வாங்கியும் எழுந்து நிற்கிறான் என்று அவர்கள் சொல்லச் சொல்லத்தான், ஜப்பானே பார்க்காதவனுக்கும் அது பிடிபட்டது.

எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் மாற்றியது எதை, மாற்றாதது எதை என்பது. பேசும் மொழியை மாற்றினார்கள். ஊரை மாற்றினார்கள். நிகழ்ச்சிக்கென்று 2021-ல் கொண்டுவந்த பட்டத்தை முதலில் ஜெயித்ததே யுஎஃப்சி-யில் சண்டை போட்ட டாம் லாலர் என்ற அமெரிக்கர்தான். ஆனால் ஆட்டத்தின் இலக்கணம் ஜப்பானுடையதாகவே இருந்தது. நீட்டி முழக்கும் வசனம் குறைவு. புதுசா வரும் பையன் கறுப்பு டிரவுசரோடு கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும் என்ற முறைக்கும் விலக்கு கிடையாது. 2023-ல் வாராந்திர வடிவத்தை விட்டுவிட்டு, காசு கட்டிப் பார்க்கும் நேரலை நிகழ்ச்சிகள் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். வியாபாரம். எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, நம் கதைக்கு வருவோம். நம்மில் பல பேருக்கு ரெஸ்லிங் அறிமுகமானது ட்ரம்ப் கார்டில்தான். உயரம், எடை, ரேங்க். பெட்டிக்கடையில் வாங்கி, பள்ளிக்கூடத்து வராந்தாவில் பந்தயம் கட்டிய சீட்டுகள். டிவியில் ஆங்கிலம் ஓடும். நமக்குப் புரிந்தது ஆளும் அடியும் மட்டும்தான். 2021 ஜூனில் சோனி நிறுவனம் தமிழுக்கும் தெலுங்குக்குமாக சோனி டென் 4 சேனலைத் தொடங்கி, டபிள்யூடபிள்யூஇ-யைத் தமிழில் தந்தபோதுதான் பாட்டியும் பேரனும் ஒரே வர்ணனையைக் கேட்க முடிந்தது.

2025 ஏப்ரலில் இந்திய உரிமை நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. "அதனால என்ன, மொபைல் பிளான் 149 ரூபாய்தானே" என்று சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். கல்வராயன் மலைக்கு வந்து சொல்லிப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. ரோடு, பள்ளிக்கூடம், டவர் எல்லாமே கீழே வந்து பல வருஷம் கழித்துத்தான் மேலே ஏறின. வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி உள்ளே போகப் போக, போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடும் இடங்கள் இன்றும் உண்டு. அங்கே வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ், மழை இல்லாத நாளில் யாருடைய தயவும் இல்லாமல் படம் காட்டும். விளையாட்டு டிவியிலிருந்து ஆப்புக்கு மாறும்போது, அந்த வீடு ரசிகர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. டோக்கியோக்காரருக்கு கலிஃபோர்னியா வெளிநாடு. மும்பையில் உரிமை பேசுகிறவர்களுக்கு வெள்ளிமலையே வெளிநாடு என்றுதான் தோன்றுகிறது.

தமிழ் வர்ணனை கேட்பது மொழிப்பற்றுக்காக மட்டும் இல்லை. ஒரு நிகழ்ச்சியில் மிகக் குறைந்த செலவு பிடிக்கும் பகுதி அது: ஒரு அறை, இரண்டு மைக், விஷயம் தெரிந்த இரண்டு பேர். ஆனால் "என்ன ஒரு அற்புதமான நகர்வு!" என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துக் கத்துவதற்குப் பெயர் வர்ணனை இல்லை. ஜப்பானில் டிவி ஆசாஹியின் இச்சிரோ ஃபுருடாச்சி, ராட்சத வீரர் ஆந்த்ரேவுக்கு 'மனித மலைத்தொடர்' என்று பட்டம் வைத்தார். அது இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. நமக்கென்ன பஞ்சமா? ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் சொல்கிறார். ஒரு கால் மார்பில், ஒரு கால் முதுகுப்பக்கம் என்று பிடியைக்கூட விடாமல் சொல்லிவிட்டு, மகனோடு பிணங்கி விலகி நிற்கும் தகப்பன் தித்தன் இதைப் பார்க்க வேண்டுமே என்று ஏங்குகிறார். அரங்கத்துக்கு வராதவனை நினைத்துச் சொன்ன வர்ணனை அது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாரம் அரை மணி நேரம். நெட்ஃபிளிக்ஸோ, நியூ ஜப்பானோ, யாராக இருந்தாலும் சரி. அந்த வாரத்தின் முக்கியமான மூன்று போட்டிகள், டேட்டா குறைவாகப் பிடிக்கும் ஃபைலாக, ஒரு தடவை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளும் வசதியோடு. கூடவே, டிஷ்ஷில் வரும் ஏதாவதொரு தமிழ் சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மறுஒளிபரப்பு. மைக் முன்னால் உட்கார ஆள் வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம் கூத்து மேடைகளைச் சுற்றி வாருங்கள். இரவு பத்து மணிக்கு வாயைத் திறந்து விடியும்வரை மூடாத கட்டியங்காரர்கள் இங்கே இருக்கிறார்கள்.