சிறைக்குள் துடைப்பம் யாருக்கு?

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஒக்டோபர் 3 ஆந் திகதி வழங்கிய தீர்ப்பொன்றை அண்மையில் முழுமையாக வாசித்தேன். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கப்படுவது பற்றி அவர் 2020 இல் 'த வயர்' இணையத்தளத்தில் எழுதிய கட்டுரையே அதற்கு அடிப்படை.

வாசிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது சிறைக் கையேடுகளின் மொழிதான். வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான வேலைகளில் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது உத்தரப் பிரதேசக் கையேடு. ஆனால் அவ்வேலைகளுக்குப் 'பழக்கப்பட்ட' சமூகத்தவரென்றால் ஈடுபடுத்தலாம். இது வெள்ளைக்காரன் காலத்து ஏடு அல்ல, 2022 ஆம் ஆண்டுக் கையேடு. மேற்கு வங்க விதிகளோ துப்புரவு செய்வோர் எந்தச் சாதிகளிலிருந்து வரவேண்டுமென்று பெயர் சொல்லியே குறிப்பிட்டன. இன்னொரு வேடிக்கை: இருக்கும் சமையற்காரரின் கையால் உண்ண முடியாத அளவுக்கு உயர்ந்த சாதிக் கைதி வந்தால், அவரையே எல்லோருக்கும் சமைக்க வைக்கவேண்டுமாம்!

'பழக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் கைதி வெளியே ஆசிரியராகவோ லொறிச் சாரதியாகவோ இருந்திருக்கலாம். பழக்கம் அவருடையதல்ல, பாட்டனுடையது. பாட்டனும் அதை விரும்பிப் பழகவில்லை. தலைமை நீதியரசர் சந்திரசூட் தலைமையிலான அமர்வு, இவ்விதிகள் சமத்துவத்தை உறுதிசெய்யும் 14 ஆம் உறுப்புரைக்கு மட்டுமன்றி, தீண்டாமையை ஒழிக்கும் 17 க்கும், கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23 க்கும் முரணானவை என்றது.

மோர்னிங்சைட்டில் நண்பர்களுடன் இதைப் பேசியபோது ஒருவர் கேட்டார்: "வெட்டுக்குத்து வராமல் இருக்கத்தானே பிரிச்சு வைச்சவங்கள்?" பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று கைதிகளைத் தனித்தனியே வைத்ததற்கு அரசு சொன்ன காரணமும் அதுவே. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கலிபோர்னியாவும் குழுச்சண்டையைக் காட்டித்தான் புதிய கைதிகளை நிறம் பார்த்து அறைகளில் அடைத்தது. அத்தகைய பிரிப்பு மிகக் கடுமையான பரிசோதனைக்கு உட்படவேண்டுமென 2005 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது.

நாம் வாழும் கனடாவில் சிறைவேலை வழக்கு கூலி பற்றியது. சமஷ்டிச் சிறைகளில் உச்ச நாட்கூலி 1981 இல் வகுத்த 6.90 டொலர், 2013 முதல் அதிலும் 30 வீதம் பிடிக்கப்பட்டதை எதிர்த்த வழக்கு 2018 இல் தோற்றது. அது வேறு கதை.

இந்தியத் தீர்ப்பு கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் ஊர்ப்பெயரைக் கேட்டே சாதியைப் பிடித்துவிடும் வித்தையை எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. டானியலின் 'பஞ்சமர்' படித்தவர்களுக்கும் தெரியும். மாவட்டச் சட்ட உதவி ஆணைக்குழுக்களும் பார்வையாளர் சபைகளும் சிறைகளைத் தொடர்ந்து பரிசோதிக்கவேண்டுமென்றும் நீதிமன்றம் பணித்திருக்கிறது. அவர்கள் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, காலையில் துடைப்பத்தோடு நிற்பவர் யார், அகப்பையோடு நிற்பவர் யார் என்று பார்ப்பார்களா?