ஏரிக்கரையே வகுப்பறை

1798. ஆங்கிலேயச் சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதை நிறுத்தச் சொல்லி, வேடந்தாங்கல் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் எழுதியே கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது.

மக்களின் முறையீட்டில் இரக்கத்தோடு ஒரு கணக்கும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் கரையும். மதகு திறந்தால் தண்ணீரோடு உரமும் வயலுக்குப் போகும். அறிவியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ‘இகாலஜி’ (சூழலியல்) என்ற சொல்லை உருவாக்கியது 1866-ல்தான். அதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே, அந்தச் சொல்லின் பொருளை இவ்வூர் விவசாயிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

இன்று அதே கரையில் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நத்தைகுத்தி நாரையைப் பார்க்கும் சிறுமிக்கு அதன் அலகு உடைந்துபோனதாகவே தோன்றும். மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். தொலைநோக்கியைக் கூட்டுப் பக்கம் திருப்பினால் குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் அது உண்டாகிறது. ஏன்? கேள்வி அவளிடமே பிறந்துவிட்டது. கேள்வியோடு ஊர் திரும்புகிறவள் புத்தகத்தைத் தானே புரட்டுவாள்.

மரத்தடி வகுப்புகளோடு தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது நம்பியதும் இதைத்தான். 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நாம் அதை மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் இன்னொரு புத்தகமாக்கிவிட்டோம். பள்ளிச் சுற்றுலாவோ, விடியலில் பேருந்து ஏறி, நாலு இடம் இறங்கி, படம் எடுத்துத் திரும்புவதாகச் சுருங்கிவிட்டது.

பள்ளிகளிடம் ஒன்று கேட்கிறோம். நாலு இடம் வேண்டாம். ஒரே ஏரி போதும். பேருந்து வாடகைக்கு வழியில்லாத பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்துக் குளமே போதும். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை அதே கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். மதகைத் திறப்பவரைப் பேசச் சொல்லுங்கள். அன்றைக்கு அவரே ஆசிரியர்.

கலெக்டரிடம் போனவர்கள் அந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். அதனால்தான் அதற்காகப் பேச அவர்களுக்கு வாய் வந்தது. நாளை நம் நீர்நிலைகளுக்காகப் பேச வேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கரைக்குக் கூட்டிவருவது நம் கடமை.