செங்கல்லும் அம்மன் காசும்

செருக்கு என்பது பணக்காரருக்கும் பதவியில் இருப்போருக்கும் மட்டுமே வரும் நோய் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கல்வியும் அந்நோயைத் தரவல்லது. ஆகவே, செருக்கைக் குறித்து விவிலியம் தரும் எச்சரிக்கைகள் பட்டம் பெறப்போகும் நமக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரை எடுத்துக்கொள்வோம். கி.மு. 605 முதல் 562 வரை ஆண்ட பேரரசன் அவன். விண்ணளாவிய மரமொன்று வெட்டப்படுவதாகக் கனவு கண்டான். அதன் பொருளைத் தானியேல் எடுத்துரைத்து எச்சரித்தார். பன்னிரண்டு மாதங்கள் கழிந்தன. அரண்மனை மாடத்தில் உலவியவன், இந்த மாநகரைத் தன் வல்லமையால், தன் புகழுக்காகத் தானே கட்டியதாகப் பூரித்தான். உடனே அறிவு பேதலித்து, மாடுபோல் புல்லை மேய்ந்தான் என்கிறது தானியேல் நூல். வானத்தை நோக்கிக் கண்களை உயர்த்திய பிறகே அவனுக்குத் தெளிவு திரும்பியது.

இன்றைய ஈராக்கில் பாபிலோனின் இடிபாடுகளைத் தோண்டியபோது அவன் பெயர் பொறித்த செங்கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. கல்லுக்குக் கல் தன் பெயர்! பெயர் கிடைத்தது, நகரம்தான் நிற்கவில்லை.

யூதா நாட்டு மன்னன் உசியா நமக்கு இன்னும் நெருக்கமானவன். பதினாறு வயதில் அரியணை ஏறியவன், கிணறுகள் பல வெட்டியவன், உழவை நேசித்தவன். ஆனால் பலம் பெருகியதும் அவன் உள்ளம் மேட்டிமை கொண்டது. எந்த எல்லையும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எண்ணினான். இறுதியில் அரண்மனையை விட்டு, சாகும்வரை தனி வீட்டில் வாழ நேர்ந்தது. இவ்விருவரும் வீழ்ந்தது தோல்வியால் அன்று. வெற்றியின் உச்சியில் அன்றோ வீழ்ந்தார்கள்!

இதற்கு மாறான அடையாளம் ஒன்று நம் புதுக்கோட்டையிலேயே உண்டு. தொண்டைமான் மன்னர்கள் தம்மைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் விஜய ரகுநாதராய தொண்டைமான், சதாசிவப் பிரம்மேந்திரரின் அருள் பெற்று, நாட்டையே திருக்கோகர்ணத்து அம்மனுக்கு உரியதாக்கினார் என்பது மரபு. இங்கு வழங்கிய அம்மன் காசில் மன்னர் முகம் இல்லை; அம்மன் உருவமே உண்டு. மறுபுறத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். வெற்றி என்பது அதன் பொருள். அந்த மன்னர் பெயரின் தொடக்கமும் அதுவே. தெய்வத்தை முன்னே வைத்த காசின் பின்னேயும் வெற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது! மனித மனமும் அப்படித்தான்.

ஆம், தாசன் என்று சொல்லிக்கொள்வது எளிது. லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயன் ஆலயத்தில் நின்று, தான் மற்றவர்களைப் போல் இல்லை என்பதற்காகவே கடவுளுக்கு நன்றி கூறினான். செருக்கு அங்கே வேண்டுதலின் உடையை உடுத்தி வந்தது. தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிவசூலிப்பவனே கடவுளுக்கு ஏற்றவனாய் வீடு திரும்பினான். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு கொடுத்துவிட்டு, வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதும் நாம் யார் பக்கம்?

பணிவு அடிமைத்தனம் ஆகாதா, தன்மானம் என்னாவது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இறைவன் முன் மட்டுமே பணிந்த தானியேல், பேரரசனின் முகத்துக்கு நேரே, தீமையை விட்டு ஏழைகளுக்கு இரங்குமாறு அறிவுரை கூறினார். கடவுள் முன் பணிந்தவனுக்கு மனிதன் முன் கூனிக் குறுக வேண்டிய தேவை இல்லை. ஏழையை மிதிக்கும் துணிவும் அவனுக்கு வராது. பணிவு உண்மையா என்பதற்கு இதுவே உரைகல்.

நம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வெட்டுவதும் கரையைக் காப்பதும் நம் கடமை. மழை நம் கையில் இல்லை. கல்வியும் அத்தகையதே. நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நாம் படிப்பதற்காகத் தம் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காமார்கள் எத்தனை பேர்! வெயிலில் கருகிய தந்தையர் எத்தனை பேர்!

பட்டச் சான்றிதழில் நம் பெயர் மட்டுமே இருக்கும். அதில் எழுதப்படாத பெயர்களை நாம் அறிவோம். அவை அனைத்திற்கும் முன்னே நிற்பது இறைவன் பெயர்.