டப்பாவுல அடைச்ச பொய்

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிட்டு திரும்பி வர்றோம். நாட்றாம்பாளையம் ஏத்தத்துல டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுடுச்சு. இருட்டுற நேரம். பின் சீட்ல அம்மா. ரெண்டு பக்கமும் யானை நடமாடுற காடு. பானட்டைத் திறந்து வெச்சுட்டு ஒன்றரை மணி நேரம் நின்னோம். அம்மா ஒரு வார்த்தை பேசல. யானையை விட அதுதான் பயமா இருந்துச்சு :-)

செகண்ட் ஹேண்ட் வண்டி, வாங்கி நாலு மாசம்தான். மறுநாள் ஓசூர்ல மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். ஆறின கஞ்சி மாதிரி கொழகொழன்னு வந்துச்சு. "எவனோ பிளாக் சீலர் ஊத்தி வித்திருக்கான் தம்பி"ன்னார்.

என் கோபமே இங்கதான். அந்த மாதிரி டப்பா பலதுல இருக்குறது சோடியம் சிலிகேட். விரிசல் வழியா வர்ற சூட்டுல தண்ணி காய்ஞ்சு, கண்ணாடி மாதிரி இறுகி அடைக்கும். சரி. ஆனா கூலன்ட்ல இருக்குற கிளைக்காலோட சேர்ந்தா ஜெல்லா திரண்டு போகும். விரிசல் எது, ரேடியேட்டரோட மெல்லிய குழாய் எதுன்னு அதுக்கு என்ன தெரியும்?

2009-ல அமெரிக்க அரசு, பழைய வண்டியைக் கொடுத்து புதுசு வாங்குறவங்களுக்கு பணம் கொடுத்துச்சு. அந்தப் பழைய வண்டிகள் திரும்ப ரோட்டுக்கு வரக்கூடாதுன்னு இஞ்சின் ஆயிலை வடிச்சுட்டு, இதே சோடியம் சிலிகேட்டை ஊத்தி ஓட விட்டுத்தான் இஞ்சினைக் கொன்னாங்க. ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் ஆயில்ல கலக்குற வண்டிக்கு இதை மருந்துன்னு ஊத்துறோம். நல்லா இருக்குங்க நியாயம்!

"ஹெட் இறக்கினா ஆயிரக்கணக்குல ஆகும், டப்பா சில நூறுதான்"னு சொல்வீங்க. நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா ஊத்துங்க, வீடு வந்து சேருங்க, தப்பில்ல. அப்புறம் ரிப்பேர் பண்ணுங்க. விக்கிறதா இருந்தா வாங்குறவன்கிட்ட சொல்லிட்டு வில்லுங்க. சொல்லாம வித்தா, உங்க செலவை என் தலையில, எங்கம்மா தலையில கட்டுறீங்க. அதுக்குப் பேர் சாமர்த்தியம் இல்ல.

கழுவுறது லேசான வேலைன்னு நினைக்காதீங்க. இஞ்சின் நல்லா ஆறணும். சூட்டுல மூடியைத் திறந்தா முகம் வெந்துடும். கூலன்டை வடிச்சு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி, நல்ல தண்ணி ஊத்தி, ஹீட்டரை முழுசா திறந்து ஓட விட்டு வடிக்கணும். தெளிவா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. எனக்கு ஏழு தடவை ஆச்சு. ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் தனியா, எதிர்த் திசையில, வேகம் குறைச்ச தண்ணியில அலசினோம். சிட்ரிக் ஆசிட் துருவையும் உப்புப் படிவையும்தான் எடுக்கும், இறுகின கண்ணாடியை எடுக்காது. காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க, அலுமினியத்தைத் தின்னுடும். என் ரேடியேட்டர்ல பாதிக் குழாய் கடைசி வரைக்கும் திறக்கல. புதுசுதான் போட்டேன். கூடவே கேஸ்கெட், தெர்மோஸ்டாட், மூடி. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி. போர் தண்ணியை ஊத்தினா மறுபடி உப்பு கட்டும்.

இன்னொண்ணு. வடிச்ச கூலன்டை ரோட்டோரம் கொட்டாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், மாடு குடிக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். அண்ணன் கேன்ல பிடிச்சு மூடி வெச்சார். அவருக்கு ஒரு கும்பிடு.

பழைய வண்டி வாங்கப் போறவங்களுக்கு: இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கூலன்ட் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும். கொழகொழன்னு இருந்தாலோ, "அதெல்லாம் எதுக்கு சார்"னு இழுத்தாலோ, நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: அம்மா இப்போ ஒகேனக்கல்னா பஸ்லதான் வருவேங்கறாங்க.