பற்பசை ஹெட்லைட்டைக் காப்பாற்றாது

நெசவாளர் ஊரான திருப்பருத்திக்குன்றத்தில் வீட்டின் முன்பகுதியைத் தறி பிடித்துக்கொண்டால் கார் தெருவில்தான் நிற்கும். காலை முதல் மாலை வரை அதன்மேல் வெயில். சில வருஷங்களில் ஹெட்லைட் மஞ்சள் பூத்துவிடும். உடனே யாராவது சொல்வார்கள்: "டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ங்க, புதுசு மாதிரி ஆயிடும். கடையில கொடுக்கிறது தண்டச் செலவு." இந்த யோசனை எல்லா ஊரிலும் செல்லுபடியாகிறது. பட்டுச் சேலையை ஏற்றிக்கொண்டு விடியுமுன் சென்னைக்குக் கிளம்பும் காருக்கு இது ஆபத்தான யோசனை.

முதலில், அந்த மஞ்சளை அழுக்கு என்கிறார்கள். அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரிலேயே போயிருக்கும். இன்றைய ஹெட்லைட் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். எளிதில் உடையாது, ஆனால் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய காப்புப் பூச்சு ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். வெயிலில் அந்தப் பூச்சு செத்துப்போகிறது, பிறகு பிளாஸ்டிக்கே நிறம் மாறுகிறது. பானெட்டைத் தூக்கிப் பாருங்கள்: விளிம்பின் நிழலில் இருந்த மேல் ஓரம் தெளிவாக இருக்கும், வெயில் பட்ட முகம் மட்டும் மங்கியிருக்கும். பழைய அம்பாசடரின் வட்ட விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கண்ணாடி.

அடுத்தது பற்பசை. தேய்த்தால் பளபளப்பு வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. பற்பசையில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற நுண்ணிய தூள் இருக்கிறது. அது மேல்பரப்பைச் சுரண்டி எடுக்கிறது. மஞ்சளோடு, மிச்சமிருந்த காப்புப் பூச்சும் போகிறது. பூச்சில்லாத பிளாஸ்டிக்கை மறுபடி அதே தெரு வெயிலில் நிறுத்தினால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வரும். இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். தேங்காய் எண்ணெய் தடவுவது அதைவிட வீண். கீறலில் எண்ணெய் நிரம்பியிருக்கும் வரைதான் தெளிவு.

பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்கச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாலிகார்பனேட்டில் அவை மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். அந்த விரிசலை எந்தப் பாலிஷும் மறைக்காது.

"லென்ஸ் கிடக்கட்டும், வாட் கூடின பல்ப் போடுங்க" என்பது இன்னொன்று. வழக்கமான எச்4 ஹாலஜன் பல்ப் 60/55 வாட். அதற்குப் பதில் 100/90 போட்டாலும் மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். நம் சாலை அப்படியே இருட்டாக இருக்க, எதிரே வருகிறவர் கண் கூசும். வயரிங்கும் ரிஃப்ளெக்டரும் சூட்டில் கெடும்.

அப்படியானால் வீட்டில் செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான 'ஏஏஏ' 2018இல் சோதித்தபோது, மஞ்சளான பழைய ஹெட்லைட் புதியதன் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதமே தந்தது. சீர்செய்ததும் 70 சதவீதம் வரை ஏறியது. புதுசாகாது, ஆனால் இரவில் அந்த வித்தியாசம் பெரிது.

செய்முறை இது: விளக்கைச் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி பெயின்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒரே சீராகத் தேயுங்கள். முதலில் மஞ்சளாகப் பால்போல் தண்ணீர் வழியும். அது வெள்ளையாகும்வரை விடக்கூடாது. இந்தக் கட்டத்தில் லென்ஸ் முன்னைவிட மோசமாக, உறைபனி படர்ந்தாற்போல் தெரியும். பயப்பட வேண்டாம். 1500, 2000, 3000 என்று ஏற ஏறத் தெளியும். பிறகு ரப்பிங் காம்பவுண்ட். கடைசியாக, நன்றாகக் காயவைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட். காற்றோட்டமான நிழலில், முகக்கவசத்தோடு அடியுங்கள். பற்பசை வைத்தியத்தில் இல்லாதது இந்தக் கடைசிப் படிதான்.

உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ உள்ளேயே மங்கியிருந்தாலோ வெளியே தேய்த்துப் பயனில்லை. விளக்கையே மாற்ற வேண்டியிருக்கலாம். மற்றவர்கள், கிளியர் கோட் கையில் வந்த பிறகே முதல் வாட்டர் பேப்பரை நனையுங்கள்.