ஒரு வருஷம் நிற்க முடிந்தவர்கள் வாருங்கள்

தோழர்களே,

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வருகிற அன்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நாம் என்ன செய்வோம் என்பது ஊருக்கே தெரியும். முதல் மார்க் எடுத்த பிள்ளைக்குச் சால்வை போர்த்துவோம், ஃபிளெக்ஸ் கட்டுவோம். கணக்கில் 28, அறிவியலில் 31 என்று நின்றுபோன பையன் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வர மாட்டான். இரண்டு நாள் கழித்து வருவான். பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டான். பிளாக்குக்குக் கீழே பைக் நிறுத்துகிற இடத்துக்குத்தான் போவான். அங்கே அவனுக்காக ஒருவன் காத்திருப்பான்.

ஏரியாவில் அவனுக்குப் பெயர் அண்ணன். "ஃபெயிலா? விடுடா, நான் மட்டும் என்ன பாஸா?" என்று தோளில் கை போடுவான். பிரியாணி வாங்கித் தருவான். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வா என்று வண்டிச் சாவியைக் கையில் கொடுப்பான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவான். மறுநாளும் அதே இடத்தில் இருப்பான், அதற்கடுத்த நாளும் இருப்பான். ஒரு பொட்டலத்தை அடுத்த பிளாக்கில் கொடுத்துவிட்டு வரச் சொல்வது ரொம்பப் பின்னால்தான். "சின்னப் பையனை எவனும் சோதிக்க மாட்டான்." கஞ்சாவும் வலி மாத்திரையும் அப்படித்தான் கைமாறுகின்றன. பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ரீல்ஸ் போடுகிற பையன்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். அந்தக் கத்தியை அவன் கையில் கொடுத்தவன் எத்தனை மாதம் அவன் பக்கத்திலேயே இருந்தான் என்று நாம் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா?

வழிகாட்டி இல்லாத பிள்ளைகள் என்று நம் துண்டறிக்கைகளில் எழுதுகிறோம். அது தப்பு. வழிகாட்டி இருக்கிறான், தினமும் வருகிறான். வராதவர்கள் நாம்தான்.

இந்தக் குடியிருப்புகள் எப்படி வந்தன என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் இருந்த குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து கண்ணகி நகரில் இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்து எட்டடுக்குகளில் அடைத்தார்கள். வேலை, பள்ளி, சொந்தபந்தம் எல்லாம் நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. வீட்டு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் விடியற்காலையில் பஸ் ஏறும் அம்மாக்கள் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை தரத் தயங்குகிற கம்பெனிகள் அதே ஓ.எம்.ஆர். சாலையில்தான் இருக்கின்றன. இந்த அநீதியைத் தட்டிக்கேட்டு நாம் தெருவில் நின்றோம், இனியும் நிற்போம். ஆனால் போராட்டம் ஜெயிக்கும்வரை பதினைந்து வயதுப் பையன் பதினைந்திலேயே நிற்கப் போவதில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் தெருவில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்தத் திட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. நம் பையன் வழுக்கி விழுகிற இடம் ஒன்பதிலும் பத்திலும்தான்.

விழுந்தால் எங்கே போய்ச் சேருவான் என்பதையும் மறைக்காமல் பேசுவோம். 2022 டிசம்பரில் பேட்டரி திருடினான் என்ற சந்தேகத்தின் பேரில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுப் பையன், சில நாளிலேயே பிணமாகத்தான் வெளியே வந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் இந்த இல்லங்களைச் சீர்திருத்த நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு மாட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. ராத்திரி ஸ்டேஷனில் போய் நின்று இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நடக்கிற கதையே வேறு. அந்த ஆளுக்கு வக்கீல் பட்டம் வேண்டாம், பிடிபட்ட பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருந்தால் போதும்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? ஒரு தோழருக்கு ஒரு பிள்ளை. வாரத்தில் இரண்டு மாலை. ஒரு வருஷம்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வருஷத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 1904-இல் நியூயார்க்கில் சிறார் நீதிமன்ற எழுத்தர் ஒருவர், கோர்ட்டுக்கு வந்த பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணை சேர்த்துவிட்டார். அந்த முயற்சி வளர்ந்து நாடு தழுவிய அமைப்பானது. 1995-இல் அதைப் பற்றி வந்த ஆய்வு, துணை கிடைத்த பிள்ளைகள் போதையைத் தொடங்குவது மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவு என்றது. எல்லாரும் இந்த எண்ணைத்தான் எடுத்துப் பேசுவார்கள். அதே பிள்ளைகளின் விவரங்களை வைத்து 2002-இல் வந்த இன்னோர் ஆய்வை யாரும் சொல்வதில்லை. மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகள், தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருந்த மதிப்பிலும் படிப்பு வரும் என்ற நம்பிக்கையிலும் முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தார்கள். துணை ஒரு வருஷமோ அதற்கு மேலோ நின்ற பிள்ளைகளிடம்தான் அதிகப் பலன் தெரிந்தது. அப்பன் விட்டுப்போன பையனிடம் நாமும் போய், நாமும் விட்டுவிட்டு வந்தால் அவன் என்ன நினைப்பான்? ஆகவே ஒருநாள் முகாம்காரர்கள், தயவுசெய்து வர வேண்டாம். நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்டியல் வசூலுக்கு ஆள் தேவைப்படுகிறது, அங்கே நில்லுங்கள்.

வருகிறவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்ல அந்தப் பையனைச் சுற்றி ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். முடிவு வந்த வாரத்திலேயே பள்ளிக்கு அவனோடு போய் ஜூலைத் துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். அதற்குக் கொடுக்கிற அவகாசம் சில நாள்தான். படிப்பு போதும் என்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு வெல்டர், வயர்மேன் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு மாதம் 1000 ரூபாய் தனி. இதெல்லாம் தெரியாமல் அவன் நிற்கவில்லை. டி.சி. வாங்கப் போனால் அப்பாவைக் கூட்டி வா என்கிறார்கள், ஆதாரில் இடித்துத் தள்ளிய பழைய குடிசையின் விலாசம் இருக்கிறது, சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் வரிசை, வங்கிக் கணக்கோ ஆதாரோடு இணையவில்லை. பெரியவர்களே மூன்றாம் தடவை சலித்துப்போகிற அலைச்சல் இது. பையன் முதல் தடவையே கீழே பைக் நிறுத்துகிற இடத்துக்குத் திரும்பிவிடுவான். நான்காம் தடவையும் அவனோடு போகிற ஆள்தான் நமக்கு வேண்டும். மற்ற மாலைகளில் கேரம் ஆடுங்கள், டீ குடியுங்கள், ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருங்கள்.

இப்படி நின்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பிள்ளை. ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பாதான் கேரம் சொல்லிக்கொடுத்தவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கார்த்திகா, நாம் பேசிக்கொண்டிருக்கிற இதே கண்ணகி நகர்ப் பிள்ளைதான். பதக்கத்தைப் பார்த்தது போதும். மழையோ வெயிலோ சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்து நின்ற ஆளைப் பாருங்கள்.

சில கட்டுப்பாடுகள் உண்டு, இவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை. வீட்டாருக்குத் தெரியாமல் பிள்ளையைச் சந்திக்கக் கூடாது. பூட்டிய அறையில் தனியாக உட்காரக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண் தோழர்கள் மட்டும். பதினாறு வயதில் கல்யாணம் நிச்சயமாகிற பிள்ளையின் ரகசியம் பெண் தோழர் காதில்தான் விழும், விழுந்ததும் 1098-க்குப் பேச வேண்டும். பாலியல் கொடுமை தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானம், அமைப்பின் பெயர் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயரையும் படத்தையும் எங்கேயும் போடாதீர்கள். காவல் துறைச் சரிபார்ப்புக்கு எல்லாரும் மனுக் கொடுக்க வேண்டும், கிளைச் செயலாளர் உட்பட.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சம்பளமில்லாமல் லாந்தர் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த தோழர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முட்டிவலி வந்திருக்கும், பரவாயில்லை. டி.சி. வாங்கத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைய நரைத்த தலைக்குத்தான் மதிப்பு அதிகம். முதலில் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். ஃபெயிலான பிறகு புதிதாக வந்து கைகொடுக்கிறவனை எந்தப் பையனும் நம்ப மாட்டான். பரீட்சைக்கு முன்பே அவனுக்கு உங்கள் முகம் பழகியிருக்க வேண்டும். இந்த ஞாயிறு கிளைக் கூட்டத்தில் பெயர் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் வாரத்தில் எந்த இரண்டு மாலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்றும் எழுதுங்கள். அந்தத் தேதிகளுக்கு நடுவில் ஒரு வருஷம் இல்லாத பெயரை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம்.